மார்கழியிலும் சன்ஸ்கிரீன் வேண்டுமா?

கேள்வி: எனக்கு 26 வயது, மாநிறம். சென்னையில் அலுவலக வேலை. கண்ணாடிச் சன்னலோரம் இருக்கை. கோடையில் மட்டும் சன்ஸ்கிரீன் பூசுவேன். மழைக்காலம், பனிக்காலம் என்று பாராமல் தினமும் பூச வேண்டும் என்று தோழிகள் சொல்கிறார்கள். மதுரையில் இருக்கும் அம்மாவோ, "நாம் என்ன வெள்ளைக்காரர்களா? காசைக் கரியாக்காதே" என்கிறார். அம்மாவுக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்திருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். யார் சொல்வது சரி?

பதில்:

உங்கள் அம்மா சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டால் மீதியைப் பேசுவது எளிது.

மதுரையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தோல் மருத்துவம் பார்க்கிறேன். சன்ஸ்கிரீன் பற்றி இன்று படிக்கக் கிடைப்பதில் பெரும்பகுதி வெள்ளைத் தோலை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஆஸ்திரேலியாவில் தோல் புற்றுநோய் அன்றாடக் கவலை. அங்கே பேச்சு புற்றுநோயில் தொடங்குவது இயல்பு. நம் கதை வேறு. 1979-இல் அமெரிக்காவில் கறுப்பர், வெள்ளையர் இருவருடைய மேல்தோலையும் அளந்து பார்த்தார்கள். வெள்ளையரின் மேல்தோல் தானாகவே தரும் காப்பு சுமார் 3.4 எஸ்.பி.எஃப். (சன்ஸ்கிரீன் டியூபில் போடும் வெயில்காப்பு எண்); கறுப்பருக்கு அது சுமார் 13.4. நாம் அந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறோம். வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நம்மிடம் குறைவாக இருப்பதற்குத் தோலுக்கு நிறம் தரும் மெலனின்தான் காரணம். கருந்தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தாலும் பெரும்பாலும் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்தடியில் வருகிறது. வெயில் படாத இடங்கள் அவை. பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரலில் வந்ததும் அந்த வகைதான். எந்தக் களிம்பும் அதைத் தடுக்காது. ஆகவே புற்றுநோய் என்று மிரட்டி நம் ஊரில் சன்ஸ்கிரீன் விற்பது எனக்குப் பிடிக்காது.

ஆனால் காப்பாற்றும் அந்த மெலனினே நம் தோலில் வேறொரு தொல்லையையும் கொண்டுவருகிறது. வெள்ளைத் தோல் வெயிலில் சிவந்து, எரிந்து, உரிந்து, ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடும். நம் தோல் எரிச்சலைக் காட்டாது, சத்தமில்லாமல் கருக்கும். கருத்தது அவ்வளவு சீக்கிரம் போகாது. முகப்பரு ஆறிய இடத்தில் ஆறு மாதம் நிற்கும் கரும்புள்ளி, கன்னத்தில் வண்ணத்துப்பூச்சிபோல் படரும் மங்கு, நெற்றியோரம் கருத்துப்போவது, புறங்கைக்கும் மேற்கைக்கும் இரண்டு நிறம் என்று இவற்றுக்காகத்தான் என் அறைக்கு வெளியே கூட்டம். "எத்தனையோ கிரீம் போட்டும் போகவில்லை டாக்டர்" என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, காலையில் என்ன பூசுகிறீர்கள் என்பதை. இரவெல்லாம் மருந்து போட்டு மங்கலாக்கியதைப் பகலில் பத்து நிமிட வெயில் மறுபடி எழுதிவிடும்.

சரி, பருவகாலத்துக்கு வருவோம். இங்கேதான் உங்கள் அம்மா மட்டுமல்ல, நாம் எல்லோருமே தவறுகிறோம். சுடுவதும் கருக்க வைப்பதும் ஒரே கதிர் அல்ல. உடம்பு சூடாக உணர்வது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிரை. தோலைக் கருக்க வைப்பது புற ஊதாக் கதிர். அதை உணர நம் உடம்பில் ஒரு நரம்பும் இல்லை. காற்று குளிர்ந்தால் வெயில் குறைந்துவிட்டது என்று நினைக்கிறோம். புற ஊதாக் கதிர் காற்றின் வெப்பத்தைப் பார்த்து வருவதில்லை, சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பார்த்து வருகிறது.

இதைக் கருவி இல்லாமலே அளக்கலாம். நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கிறது என்று பொருள். நீளமாக இருந்தால் அவ்வளவாக இல்லை. டிசம்பர் 21 அன்று, ஆண்டிலேயே சூரியன் நமக்கு மிகத் தாழ்ந்து போகும் அந்த நாளில், மதுரையில் பகல் பன்னிரண்டேகால் மணிக்கு 160 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணின் நிழல் 105 சென்டிமீட்டர்தான். சென்னையில் கொஞ்சம் வடக்கே போவதால் 118. அதே நாளில் லண்டனில் நிற்பவருக்கு நண்பகல் நிழல் ஏறக்குறைய ஆறு மீட்டர். "குளிர்காலத்திலும் போட வேண்டுமா" என்ற கேள்வி லண்டனில் நியாயமான கேள்வி. சூரியன் அடிவானத்தைத் தடவிக்கொண்டு போகும் ஊர் அது. டிசம்பரில் அங்கே புற ஊதாக் குறியீடு, அதாவது அந்தக் கதிரின் கடுமையைச் சொல்லும் எண், ஒன்றைத் தாண்டுவதே அபூர்வம். நமக்கு மார்கழி நண்பகலில், வானம் தெளிவாக இருந்தால், அது ஆறைத் தாண்டிவிடும். குறியீடு மூன்று வந்தாலே காப்பு தேவை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்தக் கணக்கில் நமக்குக் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அக்னி நட்சத்திரம்தான் வெயிலின் உச்சம் என்று நினைக்கிறோம். மதுரையில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஆண்டில் இரண்டு முறை: சித்திரை பிறந்து ஓரிரு நாளில் ஒன்று, ஆவணியில், ஆகஸ்டின் கடைசி வாரத்தில் மற்றொன்று. ஆவணியில் காற்றும் மேகமுமாக இருக்கும், வியர்வை குறைந்திருக்கும், கோடையில் வாங்கிய டியூபை எடுத்து ஓரமாக வைத்திருப்போம். தலைக்கு மேலே சூரியன் செங்குத்தாக நிற்பது அப்போதுதான்.

மலைவாசத் தலங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் பத்து விழுக்காடு கூடுகிறது. கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர், ஊட்டி 2,240. ஸ்வெட்டரும் குல்லாயும் போட்டுக்கொண்டு, "ஆகா, என்ன குளிர்ச்சி" என்று ஏரியில் நாள் முழுவதும் படகு விட்டுவிட்டு வருபவர்கள், மே மாதத்தில் கீழே இருந்திருந்தால்கூட இவ்வளவு கருத்திருக்க மாட்டார்கள். விடுமுறை முடிந்த வாரத்தில் இப்படி வருபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஒருவரும் நம்புவதில்லை.

மேகம் பற்றி: மெல்லிய மேகம் என்றால் புற ஊதாக் கதிரில் எண்பது விழுக்காடு வரை அதைத் தாண்டி வந்துவிடும். கருத்துத் திரண்டு கொட்டப்போகும் மேகம் நிறையவே தடுக்கும். வடகிழக்குப் பருவமழை அடைத்துக்கொண்டு பெய்யும் நாளில் வீட்டிலேயே இருக்கிறீர்கள் என்றால் நீங்கள் பூசவில்லை என்று நான் கோபிக்க மாட்டேன். ஆனால் சென்னை மழைக்காலம் எப்படி என்று உங்களுக்கே தெரியும். காலையில் கொட்டும், பதினோரு மணிக்குச் சுள்ளென்று அடிக்கும்.

இனி உங்கள் கண்ணாடிச் சன்னல். நம்மை வந்தடையும் புற ஊதாக் கதிரில் இரண்டு வகை. பி வகை மேல்தோலைச் சுடும். அதைச் சாதாரணக் கண்ணாடியே பெரும்பாலும் தடுத்துவிடும். ஏ வகை ஆழமாக இறங்கும், தோலின் நாரிழைகளைச் சிதைத்துச் சுருக்கம் உண்டாக்கும், கருமையைத் தூண்டும். வந்துசேரும் கதிரில் ஏறக்குறைய 95 விழுக்காடு இதுதான். இதில் பெரும்பகுதி சாதாரணக் கண்ணாடி வழியே உள்ளே வரும். பி வகை நண்பகலில் உச்சம் போய் மற்ற நேரத்தில் சட்டென்று குறையும். ஏ வகை காலை முதல் மாலை வரை, ஆண்டு முழுவதும், அவ்வளவு ஏற்ற இறக்கம் இல்லாமல் வந்துகொண்டே இருக்கும்.

2012-இல் ஒரு மருத்துவ இதழில் வெளியான படத்தை என் மாணவர்களுக்குத் தவறாமல் காட்டுவேன். 69 வயது அமெரிக்க லாரி ஓட்டுநர், 28 ஆண்டுகள் வண்டி ஓட்டியவர். முகத்தின் வலப்பாதி அவர் வயதுக்கு ஏற்றபடி இருக்கிறது. இடப்பாதி தடித்து, பள்ளம் பள்ளமாகச் சுருங்கி, இருபது வயது மூத்த ஒருவரிடமிருந்து எடுத்து ஒட்டியதுபோல் இருக்கிறது. அங்கே ஓட்டுநர் இடப்பக்கம் உட்காருகிறார். சன்னல் கண்ணாடி வழியே வந்த ஏ வகைக் கதிரின் வேலை அது. நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம். பல ஆண்டு வேன் ஓட்டிய ஒருவரை இரண்டு கையையும் சேர்த்து நீட்டச் சொல்லிப் பாருங்கள், எந்தக் கை சன்னல் பக்கம் என்று அவர் சொல்லவே வேண்டாம். உங்கள் அலுவலகக் கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்த வகை என்றால் கவலை குறைவு. அது ஏ வகையையும் பெருமளவு நிறுத்தும். சாதாரணக் கண்ணாடி என்றால், வெயில் உங்கள் மேசையில் விழும் நேரத்தில் திரையை இறக்கிவிடுவது எந்த டியூபையும்விட மலிவு.

"தினமும்" என்ற சொல்லுக்கு ஆதாரம் உண்டா என்றால், உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நாம்பூர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை 1,621 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினர் முகம், கழுத்து, கைகளில் தினமும் பூச வேண்டும். மறுபாதியினர் வழக்கம்போல், தோன்றும்போது பூசலாம். நாலரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது, தினமும் பூசியவர்களுக்குத் தோல் மூப்பு ஏறவே இல்லை எனலாம். மற்றவர்களைவிட 24 விழுக்காடு குறைவு. ஒருவகைத் தோல் புற்றுநோய்க் கட்டிகள் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு குறைந்தன. அவர்கள் பூசியது 50-ஓ 100-ஓ அல்ல, வெறும் எஸ்.பி.எஃப். 15 தரம். எண்ணைவிட வழக்கம்தான் அங்கே வேலை செய்தது. அந்த ஊரில் பெரும்பாலானவர்கள் வெள்ளையர் என்பதால் புற்றுநோய்க் கணக்கை நமக்கு அப்படியே எடுத்துவர முடியாது. தோல் மூப்புக்கும் கருமைக்கும் காரணமான கதிர் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

சரி, எதை வாங்குவது, எவ்வளவு பூசுவது? நான் அதிகமாகச் சண்டை போடுவது இந்த "எவ்வளவு" விஷயத்தில்தான். டியூபின் மேல் அச்சிட்டிருக்கும் எண், சோதனைக்கூடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு மில்லிகிராம் தடவி அளந்தது. முகத்துக்கும் கழுத்துக்கும் அந்தக் கணக்குப்படி ஒன்றேகால் கிராமுக்குக் குறையாமல் வேண்டும்: ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடி முதல் நுனி வரை இரண்டு கோடு. 50 கிராம் டியூப் தினமும் ஒரு வேளைக்கே நாற்பது நாளில் தீர்ந்துவிட வேண்டும். உங்கள் டியூப் ஆறு மாதம் வந்தது என்றால் தேவையானதில் கால்பங்குகூட நீங்கள் பூசவில்லை. 50 என்று நம்பிக்கொண்டு மிகக் குறைந்த காப்போடுதான் வெளியே போய்வந்திருக்கிறீர்கள். அதனால்தான், விலை உயர்ந்ததை வாங்கிப் பொட்டுப்பொட்டாகத் தொட்டுக்கொள்வதைவிட மலிவானதை வாங்கித் தாராளமாகப் பூசுங்கள் என்கிறேன்.

எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். பி வகைக் கதிரில் 15 என்பது 93 விழுக்காட்டையும், 30 என்பது 97 விழுக்காட்டையும், 50 என்பது 98 விழுக்காட்டையும் நிறுத்துகிறது. 30-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு படியும் மிகச் சிறியது. என்றாலும் நாம் எல்லோரும் குறைவாகத்தான் பூசுகிறோம் என்பதால் 50 வாங்குவதில் தவறில்லை. எஸ்.பி.எஃப். எண் ஏ வகையைப் பற்றி அதிகம் சொல்லாது. நம் நிறத்துக்கு அதுவே முக்கியம். அதற்கு ஜப்பானியர்கள் கொண்டுவந்த பி.ஏ. குறியைப் பாருங்கள். பி.ஏ.+++ அல்லது ++++ இருக்கட்டும். அச்சிட்ட எண்ணெல்லாம் வேதவாக்கும் அல்ல: 2025-இல் ஆஸ்திரேலிய நுகர்வோர் அமைப்பான சாய்ஸ் 20 சன்ஸ்கிரீன்களைச் சோதித்தபோது 16 அதன் டியூபில் போட்ட எஸ்.பி.எஃப். அளவை எட்டவில்லை. அங்கே சன்ஸ்கிரீன் மருந்துக்குரிய கட்டுப்பாட்டில் இருக்கிறது. இந்தியாவில் அது அழகுசாதனப் பொருள்தான். இதற்காகப் பூசாமல் விட வேண்டாம். எண்ணை நம்பி நண்பகலில் வெயிலில் நிற்காதீர்கள், அவ்வளவே.

மங்கு உள்ளவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும், குறிப்பாக நீலப் பகுதி, நம்மைப் போன்ற நிறத்தவரின் தோலைக் கருக்க வைக்கிறது. வெள்ளையரிடம் இது நடப்பதில்லை. அதனால் உலகம் இதைக் கவனிக்க வெகுகாலம் பிடித்தது. சாதாரண சன்ஸ்கிரீன் இந்த ஒளியை நிறுத்தாது. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் வரும் வகை நிறுத்தும். டியூபிலிருந்து வரும்போதே மண்ணிறமாக இருக்கும். முகத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை பூக்கிறது என்று நம்மவர்கள் சலித்துக்கொள்ளும் தொல்லையும் இதில் குறைவு.

வெளியே சுற்றும் வேலை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும். உங்களைப்போல் உள்ளே இருப்பவர்களுக்குக் காலையில் ஒரு முறை, மதியம் சாப்பிடவோ வேறு எதற்கோ வெளியே போவதற்கு முன் ஒரு முறை போதும். எண்ணெய் வழியும் முகத்துக்கு ஜெல் வகை. ஒரு நாளும் வெள்ளையாக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது உங்கள் நிறத்தை உங்களுடையதாக வைத்திருக்கும். வேறொரு நிறத்தைத் தராது.

சன்ஸ்கிரீன் இரத்தத்தில் கலக்கிறதே என்று சிலர் பயப்படுகிறார்கள். 2019-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நடத்திய ஆய்வில் சில வேதி வடிகட்டிகள், அதாவது சன்ஸ்கிரீனில் கதிரைத் தடுக்கும் வேதிப்பொருள்கள், இரத்தத்தில் தென்பட்டது உண்மை. உடம்பின் முக்கால் பகுதியில் நாளுக்கு நான்கு முறை பூசிப் பார்த்த ஆய்வு அது. தீங்கு என்று அது சொல்லவில்லை, மேலும் ஆராய வேண்டும் என்றது. மனம் ஒப்பவில்லையென்றால் துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு உள்ளதை வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எதுவும் வேண்டாம், நிழல் போதும். வைட்டமின் டி குறைந்துவிடுமே என்றால், சன்ஸ்கிரீனைக் கண்ணால் பார்க்காதவர்களிடமே நம் நாட்டில் அந்தக் குறைபாடு மலிந்து கிடக்கிறது. முகத்தில் பூசுவதை நிறுத்தினால் அது தீராது.

வீட்டு வைத்தியம் பற்றியும் கேட்பீர்கள். தேங்காய் எண்ணெய்க்கு எஸ்.பி.எஃப். 8 என்று சுற்றும் எண், எண்ணெயை ஆல்கஹாலில் கலந்து கருவியில் வைத்து அளந்தது. தோலில் பூசி வெயிலில் நிறுத்தி அளந்ததல்ல. குளிருக்கு நல்ல எண்ணெய், வெயிலுக்கு நம்ப முடியாது. எலுமிச்சையை மட்டும் முகத்தில் தேய்க்காதீர்கள். அதில் உள்ள ஒரு பொருள் புற ஊதாக் கதிர் பட்டதும் தோலைப் பொசுக்கும். சாறு வழிந்த வாக்கில் கொப்புளமும், பிறகு மாதக்கணக்கில் கருப்புக் கோடும் நிற்கும்.

நம் ஊர்ப் பழக்கத்தில் உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமானது வேறு. வயல் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகும் பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். நெருக்கமாக நெய்த, வெளுக்காத அந்தச் சட்டை வியர்வையில் கரையாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியதில்லை. மெல்லிய வெள்ளைப் பனியன் துணி அந்தளவுக்கு ஆகாது. நனைந்தால் இன்னும் மோசம். ஸ்கூட்டர் ஓட்டுகிறீர்கள் என்றால் கைக்கு முழுக்கை உறை, நடந்தால் குடை. சன்ஸ்கிரீன், துணியால் மூட முடியாத இடத்துக்கு.

ஆகவே உங்களுக்கு: வெளியே கிளம்பும் ஒவ்வொரு நாளும், மார்கழியானாலும், முகத்துக்கும் கழுத்துக்கும் காதுக்கும் இரண்டு விரல் அளவு. இரவுப் பணி முடிந்து விடியும் முன் வீடு திரும்பிப் பகலெல்லாம் தூங்கும் நாளில் விட்டுவிடலாம்.

அம்மாவுக்குத்தான் உங்களைவிட அவசரம். இரண்டு கன்னத்திலும் மங்கு என்றால் அவருக்கு அந்த மண்ணிற வகை வேண்டும், வீட்டில் இருக்கும் நாளிலும். மருந்துக் கடையில் கேட்டு "மங்குக்கு ஒரு கிரீம்" என்று வாங்கிப் பூசிக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். முதல் மாதம் பளிச்சென்று ஆகும், பிறகு தோல் மெலிந்து, சிவந்து, முடி முளைத்து, நிறுத்தினால் எரியும். மாத்திரை அட்டையையும் திருப்பிப் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு என்று இருந்தால், அது தோலை வெயிலுக்குக் கூச வைக்கும் மருந்து. தானாக நிறுத்திவிடச் சொல்லாதீர்கள். அடுத்த முறை இரத்த அழுத்தம் பார்க்கும் மருத்துவரிடம் மங்கையும் காட்டி, மாற்ற முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். டியூபை நீங்கள் வாங்கிக்கொண்டு போங்கள். காசைக் கரியாக்குகிறாய் என்று திட்டுவார். திட்டிக்கொண்டே பூசிக்கொள்ளும் அம்மாக்கள் என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள்.